பெயர் மட்டும் போதும்

சேசு மரி சூசை துணை

தீவு,
கிழங்கு தோண்டி முடித்த வாரம், 1953.

பாஸ்டனில் இருக்கும் மகள் கப்னெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் சின்னண்ணன் டொன்னகாவும் மாடும் ஆண்டவர் புண்ணியத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் உன் வயிற்றில் இருப்பதும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டேன், சுகமாகவே இருங்கள், சுகத்துக்கு அங்கே என்ன குறை. கடிதத்தின் அடியில் டெபோரா என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். வீடு மாறி வந்த கடிதம் என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன், எழுத்து நம்ம பிள்ளை எழுத்துதான் என்று உன் அப்பா பிடுங்கிக்கொண்டார். கப்னெட் என்று சொன்னால் அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள், அதனால் மாற்றிக்கொண்டேன் என்கிறாய். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், தேனீக்களுக்குக் காவலாக இருக்கிற புனிதையின் பெயர் அது, நம் தீவிலேயே அவளுக்குக் கோயில் இருக்கிறது, அதில்தான் உன் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினோம். டெபோரா என்றால் பைபிள் பாஷையில் தேனீயாம், அதனால்தான் கடல் தாண்டிய கப்னெட்டுகள் எல்லாம் டெபோரா ஆகிவிடுகிறார்கள் என்று பங்குச் சாமியார் சொன்னார். காவல்காரியாக இங்கிருந்து போனவள் அங்கே போய் ஈயாகிவிட்டாய், வேறென்ன. எதிர்வீட்டு ஸைவ் இருக்கிறாளே, அவள் மகள் ப்ரீட்டும் உங்கள் ஊரில் டீலியா ஆகிவிட்டாளாம். ப்ரீட் என்றால் உயர்ந்தவள் என்று பொருள். அங்கே அடுப்படி வேலைக்கு நிற்கிற பெண்களை எல்லாம் அந்தப் பெயரையே இங்கிலீஷாக்கி பிரிட்ஜெட், பிரிட்ஜெட் என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்களாம், அவமானம் தாங்காமல் டீலியா ஆனாளாம். பெயர்தான் மாறியது, நிற்பது அதே அடுப்படியில்தான் என்று ஸைவிடமே சொன்னேன், அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறாள்.

இந்த வருஷம் கிழங்கு சுமார், மீன் காயப்போட்டதில் பாதியை மழை கொண்டுபோனது. உன் அப்பாவுக்கு முட்டி வலி. டொன்னகா எப்போதும் போல அடுப்போரத்தில் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேற்குக் கரையில் ஒரு விதவையை அவனுக்குப் பேசினோம், நல்ல கை, நல்ல பல், இரண்டு பசு. அவள் வந்து பார்த்துவிட்டு, இவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கட்டை எரிந்து முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆக அவன் வழியாக இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வரப்போவதில்லை. மிச்சம் இருப்பது உன் வயிறு ஒன்றுதான், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பிள்ளை பையனாகப் பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம், எதற்கு என்ன பொருள் என்று கேட்டு ஒரு கூடைப் பெயர் எழுதியிருக்கிறாய். நல்ல நேரத்தில்தான் கேட்டாய், கோடையில் டப்ளினிலிருந்து ஒரு ஆள் வந்து இங்கே தங்கியிருந்தார், வீடு வீடாகப் போய்ப் பெயர்களுக்குப் பொருள் சேகரிக்கிறவர். அவர் பெயர் அல்டன், வடக்கத்தியான் என்று பொருளாம், பிறந்தது தெற்கே. அவரிடம் கேட்டதை வைத்தே சொல்கிறேன். கெவின் என்று எழுதியிருக்கிறாய். அழகாகப் பிறந்தவன் என்று பொருள். நீ அனுப்பிய கல்யாணப் படத்தில் உன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன், அந்தப் பெயரை வைத்துப் பிள்ளையைக் கேலிக்கு ஆளாக்காதே. ஃபின் என்றால் வெள்ளை வெளேர் என்று இருப்பவன், கீரான் என்றால் கறுத்தப் பையன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய், பிறப்பது எது என்று உனக்கே நிச்சயம் இல்லை போலிருக்கிறது. ஓஷீன் என்றால் குட்டி மான். மான் இந்தத் தீவில் யாராவது பார்த்திருக்கிறார்களா. ப்ரெண்டன் என்றும் ஒன்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். கடலில் போய்விட்டுத் திரும்பி வந்த புனிதரின் பெயர் அது. திரும்பி வந்தவர். அதை எழுத உனக்குக் கை வந்ததா.

உன் வீட்டுக்காரர் தன் அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறாராம், கார்னீலியஸ். அது ஒன்றும் ரோமாபுரிப் பெயர் இல்லை, நம்முடைய கானர்தான், இங்கிலீஷ்காரக் குமாஸ்தாவுக்கு எழுத வராமல் போட்டுவைத்த வேஷம். கானர் என்றால் நாய்களுக்குப் பிரியமானவன். உன் மாமனாரை நான் பார்த்ததில்லை, பார்த்த நாய்களைக் கேட்டால்தான் தெரியும். முதல் பையனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், இரண்டாவது பையனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர், அதுதான் முறை என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறாராம். ஃபெலிம் என்ற அவர் பெயருக்கு எப்போதும் நல்லவன் என்று பொருள், அந்த நல்லவரிடம் நான் சொன்னதாகச் சொல், முறை எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாத முறையும் ஒன்று இருக்கிறது. பாஸ்டனில் பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அத்தனை பெயரையும் எழுதிவிட்டு அந்த ஒரு பெயரை மட்டும் விட்டிருக்கிறாய்.

கடலில் போனவன் பெயரை இந்தத் தீவில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கடல் கேட்டுவிட்டு அதே வீட்டில் இன்னொருவரைக் கூப்பிடும். அவனோடு ஒரே வயிற்றில் பிறந்த ஒருவருக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றின பிறகுதான் அந்தப் பெயர் வீட்டுக்குத் திரும்பும். அதுவரை கல்லறைக் கல்லில்கூடப் பெயர் வெட்டமாட்டார்கள். உன் பெரிய அண்ணனின் கல்லில் உன் அப்பா பெயரை வைத்துக் கோல்மனின் மகன் என்று மட்டும்தான் இருக்கிறது, ஏழு வருஷமாக. பக்கத்தில் வெட்டாத இடம் பாசி பிடித்துக் கிடக்கிறது. ஏழு வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் அவன் என்றுதான் சொல்கிறோம், அவன் கோட்டு, அவன் உட்காருகிற இடம், அவன் வளர்த்த நாய் செத்துப்போனது. அவன், அவன், அவன். பெற்று, பெயர் வைத்து, இருபத்தாறு வருஷம் வாய் ஓயாமல் கூப்பிட்ட பிள்ளையை நான் யாரோ போகிற வருகிற ஆளைச் சொல்வதுபோல அவன் என்று சொல்கிறேன். முறைப்படி அந்தப் பெயர் மாமனார், தாத்தா எல்லோருக்கும் முன்னால் நிற்கும். உன் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு தன் பெயரைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு என்ன அவசரம்.

போன வசந்தத்தில் ஸைவ் ஒரு நாள் சூடாக ரொட்டி கொண்டுவந்தாள், வந்தபோதே எனக்குச் சந்தேகம். அவள் மகனுக்கு நம் அவன்தான் உயிர்த்தோழன், அந்த மகனுக்கு இப்போது பிள்ளை பிறந்திருக்கிறது, நீ இவ்வளவு காலம் காத்திருக்கிறாயே, நாங்கள் வேண்டுமானால் அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறோமே என்றாள். சாமியாரிடமும் பேசிவிட்டாளாம். ஸைவ் என்றால் இனியவள் என்று பொருள். அந்த இனிப்பை நம்பி நான் பெற்றதை ஊருக்குக் கொடுக்க முடியுமா, பெயர் என்ன பொதுக்கிணறா. ரொட்டியை அவள் கண்ணுக்கு முன்னாலேயே பன்றிக்குப் போட்டேன். பாவம், நல்ல ரொட்டி.

அந்த டப்ளின் ஆள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் முதலில் மரியாதையாகத்தான் இருந்தார். மாலையில் வந்து உட்கார்ந்து உன் அப்பாவோடு புகை பிடிப்பார். கோல்மன் என்றால் சின்னப் புறா என்றார், அது எனக்குக் கல்யாணமான வாரத்திலேயே தெரியும் என்றேன். டொன்னகா என்றால் பழுப்பு நிற வீரன் என்றார். பழுப்பு இருக்கிறது, வீரன் எங்கே என்று கேட்டேன், டொன்னகா எழுந்து வெளியே போய்விட்டான். நாப்லா என்ற என் பெயர் வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்ததாம், அன்புக்குரியவள் என்று பொருளாம். உன் அப்பாவுக்கு டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு நாள் அவர் கல்லறைப் பக்கம் போய் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார். வந்து உன் அப்பாவிடம் கேட்டார், உன் அப்பா முட்டி வலியைப் பற்றிப் பேசினார். மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய்க் கேட்டிருக்கிறார், அந்த வாத்தியார் அக்கரையிலிருந்து வந்தவன், அவனுக்கு என்ன தெரியும், சொல்லிவிட்டான். மறுநாள் நாங்கள் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறோம், இவர் வாசற்படியில் நனைந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டே, ஏதோ எங்களுக்குப் பரிசு கொண்டுவந்தவர்போல, அவன் பெயரை முழுசாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "குட்டிக் கடல்நாய்னு அர்த்தம் அம்மா. கடலோரத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பொருத்தமா வச்சிருக்கீங்க" என்றார்.

உன் அப்பா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். டொன்னகா கையில் கத்தி அப்படியே நின்றது. நான் எழுந்து போய் அந்த ஆள் கையிலிருந்த தொப்பியை வாங்கினேன், உலரப் போடத்தான் வாங்குகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார், அதை நெருப்பில் போட்டேன். வெறுந்தலையோடு மழையில் இறங்கிப் போனார், அந்த வாரமே தீவைவிட்டும் போய்விட்டார். அது அவருக்கு வேண்டியதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள், இதை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தபோது கோபம் ஒரு பக்கம் வந்தது, இன்னொரு பக்கம் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவேண்டும்போல இருந்தது. தொப்பி எரிகிற நாற்றத்தில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் பிடிக்கவில்லை. பாறையில் கடல்நாய்கள் படுத்துக் கத்துகிற சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு நிற்கிறேன். கிறுக்கு என்று ஊர் சொல்கிறது, சொல்லட்டும்.

அதன் பிறகுதான், நீ பிள்ளை உண்டான செய்தி எழுதிய வசந்தத்திலேயே உனக்கு எழுதியிருக்கவேண்டிய கடிதத்தைக் கோடையில் எழுதினேன், பையன் பிறந்தால் அண்ணன் பெயரை வை என்று. அதற்குத்தான் நீ இந்தப் பெயர்க் கூடையைப் பதிலாக அனுப்பியிருக்கிறாய். நீ எழுதிய வரியை உன் அப்பா உரக்கப் படித்தார், இரண்டு நாள் என் காதிலேயே இருந்தது. "அம்மா, எம் பிள்ளைக்குச் செத்தவன் சட்டையைப் போட்டுவிடச் சொல்லாத. அந்தப் பேரச் சொல்லி அவனக் கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் எனக்குப் படகுதான் தெரியும், பிள்ளை தெரியாது" என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா படித்துவிட்டு அழுதார். பிள்ளையை விட்டுவிடு நாப்லா என்று என்னிடம் கெஞ்சினார். "அவனக் கடல் எடுத்துச்சு, கப்னெட் எடுக்கல" என்றார். படகு தெரியும் என்கிறாயே மகளே, தெரியட்டும். அதற்காகத்தான் வைக்கச் சொல்கிறேன். காலையில் எழுப்பும்போது தெரியட்டும், சாப்பிடக் கூப்பிடும்போது தெரியட்டும், தெருவில் விளையாடுகிறவனை வீட்டுக்கு வாடா என்று கூப்பிடும்போது தெரியட்டும். நான் ஒருத்தி மட்டும் எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா உனக்குச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியது ஒன்று இருக்கிறது. சத்தியம் செய்தது பழைய நாப்லா, இப்போது இருக்கிறவள் வேறு. நீ போன அன்று கடல் நன்றாக இல்லை. கப்பல் துறைக்கு வராமல் வெளியே நின்றது, உன்னைக் கொண்டுவிட ஒரு படகும் இறங்கவில்லை. கப்பல் போய்விடும், கப்பல் போய்விடும் என்று துறையில் நின்று அழுதாய். அவன்தான் சிரித்துக்கொண்டு, "வாடி, தங்கச்சி அழுதா எனக்குக் கஞ்சி இறங்காது" என்று அந்த லேசான தார்ப்பாய்ப் படகைத் தோளில் தூக்கினான், டொன்னகாவையும் இழுத்துக்கொண்டு போனான். உன்னைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அதுவரை உனக்குத் தெரியும். திரும்பும் வழியில் பெரிய அலை வந்தது, படகு சாய்ந்தது, அவன் போனான், டொன்னகா பிழைத்தான் என்று உனக்கு எழுதினோம். அது பாதிதான். நான் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகு பாதி வழி வந்திருந்தது, இரண்டு பேரும் தலை குனிந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்கள். நீ கப்பலின் மேல்தட்டில் புதுத் தொப்பியோடு வந்து நின்று, கைகளை வாயோரம் குவித்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். காற்று இந்தப் பக்கம் அடித்தது, துறையில் நின்ற எனக்கே கேட்டது. அவனுக்குக் கேட்காமல் இருக்குமா. துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்று உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அப்போதுதான் அலை வந்தது. டொன்னகா துடுப்பை விடவில்லை, அதனால் இன்றைக்கு அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறான். நீ கையசைத்து முடித்துவிட்டு, குளிர் தாங்காமல் உள்ளே போயிருப்பாய் என்று நினைக்கிறேன். கப்பல் நிற்கவில்லை.

அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்ட கடைசி ஆள் நீதான் கப்னெட். டப்ளின்காரன் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை, அவன் கூப்பிடவில்லை, ஒப்பித்தான். இந்த வீட்டிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போனது உன் வாய், அதைத் திருப்பித் தரவேண்டியதும் உன் வாய்தான். இதைப் படித்துவிட்டு அழுவாய், அழு, வயிற்றுப் பிள்ளைக்காக உட்கார்ந்துகொண்டு அழு. உன் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி.

பெண் பிறந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறாய். முறைப்படி முதல் பெண்ணுக்கு என் பெயர்தான் வைக்கவேண்டும். வைக்காதே. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அந்தப் பெண்ணைத் திட்டும் சாக்கில் என்னைத் திட்டுவாய், அந்தச் சுகத்தை உனக்குக் கொடுக்கமாட்டேன். ப்ரோனா என்று வை, துக்கமுள்ளவள் என்று பொருள், பொய் சொன்னதாகவும் இருக்காது. பிறகு மறுபடியும் ஒன்று பெற்றுக்கொள், அது பையனாக இருக்கட்டும்.

முயலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள், பிள்ளைக்கு உதடு பிளக்கும். கல்லறைப் பக்கம் போகாதே, கால் வளையும். ஈரக் காலோடு நிற்காதே, பாலை நன்றாகக் காய்ச்சிக் குடி. கனமானது எதையும் தூக்காதே. உன் அப்பா இந்தக் கடிதத்தின் ஓரத்தில் தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று காலையிலிருந்து பேனாவை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காகிதத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். கீழே பார், எவ்வளவு இடம் இருக்கிறது.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று கோயிலில் போய் வேண்டிக்கொண்டேன். டெபோரா என்று சொன்னால் அந்தப் புனிதைக்கு ஆள் தெரியாது என்பதால் கப்னெட் என்று சொல்லியே வேண்டியிருக்கிறேன். சர்வேசுரன் உன்னையும் உன் வயிற்றையும் காப்பாராக. பிள்ளையை இங்கே கொண்டுவர வேண்டாம், படம் அனுப்ப வேண்டாம், முகம் யாரைப் போல இருக்கிறது என்று எழுதவும் வேண்டாம், அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிள்ளை உன்னுடையது, நீயே வைத்துக்கொள். எனக்குப் பெயர் மட்டும் போதும்.

ஒன்றை மறக்காதே. தலையில் தண்ணீர் ஊற்றின அன்றே தந்தி அடித்துவிடு. சுகம், ஆண் குழந்தை, அன்பு முத்தம் என்று எதையும் சேர்க்காதே, அந்தப் பெயரை ஒரே ஒரு சொல்லாக அடி. வேறு பெயர் வந்தால் இங்கே டெபோரா என்று யாரையும் தெரியாது என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்தப் பெயர் வந்தால், வாங்கிக்கொண்டு நேரே துறைக்குப் போவேன். நீ கூப்பிட்டதைவிட எனக்குக் குரல் பெரிது.

இப்படிக்கு,
உன் அம்மா
நாப்லா